பதினான்கு வால்வுகளும் ஒன்பதாம் வகுப்பும்

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் ‘பாய்மங்கள்’ பாடத்துக்கு நாம் எல்லோரும் ஏறக்குறைய ஒரே படத்தைத்தான் கரும்பலகையில் வரைகிறோம். உயரமான ஒரு பாத்திரம், பக்கவாட்டில் மூன்று துளைகள், அடித்துளையில் வேகமாகப் பீச்சும் தண்ணீர். ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும் என்று பிள்ளைகள் எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். அதே பிள்ளைகளிடம், “உங்க தெருவில் கடைசி வீட்டுக் குழாயில் மட்டும் தண்ணீர் ஏன் நூல் மாதிரி வருது?” என்று கேட்டால், “தண்ணி வுடுறவரு சரியா வுட மாட்டாரு டீச்சர்” என்று பதில் வருகிறது. பாடப்புத்தகத்து அழுத்தம் வேறு, தெருக்குழாய் அழுத்தம் வேறு என்று அவர்கள் மனத்தில் இரண்டு அறைகள் இருக்கின்றன. அந்தச் சுவரை உடைக்க ஒன்பதாம் வகுப்போடு செய்த ஒரு செயல்திட்டத்தைப் பற்றி இங்கே எழுதுகிறேன். மேல்நிலைத் தொட்டியும் அதை இயக்கும் ஒருவரும் எல்லா ஊரிலும் இருப்பதால், எந்தப் பள்ளியிலும் இதைச் செய்ய முடியும்.

நான் பணிபுரிவது மேல்பட்டாம்பாக்கம் பகுதியில். பிள்ளைகளில் ஒரு பாதி பேரூராட்சித் தெருக்களிலிருந்து வருகிறார்கள், மறுபாதி சுற்றியுள்ள ஊராட்சிகளிலிருந்து. செயல்திட்டம் நடந்தது அப்படியோர் ஊராட்சியில். அதன் பெயர் இங்கே தேவையில்லை. அங்கே இருப்பதுதான் பெரும்பாலான ஊர்களிலும் இருக்கிறது. ஓர் ஆழ்துளைக் கிணறு, மோட்டார் கொட்டாய், 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி, இரண்டு மினி டேங்க். மண்ணுக்கு அடியில் மூன்று தலைமுறைக் குழாய்கள்: பழைய ஏ.சி. குழாய், நடுவில் போட்ட பி.வி.சி., 2019 ஆகஸ்ட் 15இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தில் வந்த வீட்டு இணைப்புகள். புது இணைப்புகள் பலவும் பழைய குழாயில்தான் போய்ச் சேர்கின்றன என்பது வெளியில் தெரியாது. இத்தனைக்கும் சேர்த்து ஒரே ஆபரேட்டர். அறுபதை நெருங்குகிறவர், இருபத்தேழு ஆண்டுகளாக அந்தத் தொட்டியோடு இருப்பவர்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்ததும், அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை கரைமீறி ஓடியதும் கடலூர் மாவட்ட ஆசிரியர்கள் யாருக்கும் மறந்திருக்காது. நான் சொல்லும் ஊரில் மோட்டார் கொட்டாய்க்குள் வெள்ளம் புகுந்து ஸ்டார்ட்டர் பெட்டி நனைந்துபோனது. அதை மாற்றினார்கள், மின்சாரம் வந்தது, மோட்டாரும் ஓடியது, தொட்டியும் நிரம்பியது. அதன் பிறகும் இரண்டு தெருக்களுக்கு நான்கு நாள் தண்ணீர் இல்லை. ஆபரேட்டர் காய்ச்சலில் படுத்துவிட்டார். பதிலுக்கு வந்த இளைஞருக்கு எந்த வால்வு எங்கே புதைந்திருக்கிறது என்று தெரியவில்லை. தேடிக் கண்டுபிடித்த ஒன்றை, வழக்கமாக எல்லா வால்வும் திறப்பது போல இடப்பக்கமாகத் திருப்பினார். அது எதிர்ப்பக்கம் திறக்கும் பழைய மாதிரி. மூடிக்கொண்டது. இன்னும் வலுவாகத் திருப்பியபோது தண்டு முறிந்தது.

தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் தெருவுக்கு வராத அந்த நான்கு நாள்தான் எங்கள் செயல்திட்டத்தின் கேள்வியாக ஆனது. ஊரின் குடிநீர் அமைப்பு பற்றிய முழு அறிவும் ஒரே மனிதரின் தலைக்குள்ளும் கைக்குள்ளும் இருந்தது. எழுத்தில் ஒரு வரி இல்லை. அவர் இன்னும் ஓரிரு ஆண்டில் ஓய்ந்துவிட்டால் என்ன செய்வது?

பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைப்போம். பயிற்சிகள் இல்லாமல் இல்லை. 1971இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் நடத்துகிறது. மறைமலைநகரில் உள்ள மாநில ஊரக வளர்ச்சி நிறுவனம் நடத்துகிறது. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ‘நல் ஜல் மித்ரா’ என்ற பெயரில் குழாய், மின், பம்பு வேலைகளை ஒருவருக்கே கற்றுத்தரும் திட்டமும் உண்டு. எல்லாம் தேவையானவை. ஆனால் எந்தப் பயிற்சி அறையிலும், ‘உங்கள் ஊர் மூன்றாவது வால்வு எதிர்ப்பக்கம் திறக்கும்’ என்று யாரும் சொல்லித்தர முடியாது. புதிய அமைப்பைக் கையேட்டைப் பார்த்து இயக்கலாம். பழைய அமைப்புக்கு ஒட்டும் வெட்டுமாக அதற்கே உரிய வரலாறு இருக்கிறது. அதை அந்த ஊரில்தான் எழுத வேண்டும். எழுதவும் அளக்கவும் வரையவும் தெரிந்த முப்பது பேர் பள்ளியில் இருக்கிறார்கள்.

நம் மாநிலத்துக்கு இது புதிய சங்கதியும் அல்ல. 1960களின் பிற்பகுதி வறட்சிக்குப் பிறகு யூனிசெஃப் உதவியோடு பாறைப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, வார்ப்பிரும்புக் கைப்பம்புகளைப் பொருத்தினார்கள். ஒரு குடும்பத்துக்கென்று வடிவமைத்த பம்பை ஊரே அடித்தால் தாங்குமா? 1970களின் நடுவில் கணக்கெடுத்தபோது பெரும்பகுதி பழுதாகிக் கிடந்தது. மகாராஷ்டிரத்தில் ஜால்னா, சோலாப்பூர் பட்டறைகளில் உருவான எஃகுப் பம்புகளின் அனுபவத்தை வைத்து ‘இந்தியா மார்க் 2’ பிறந்தது. சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் தொழிற்சாலையில் தயாராகி, கோயம்புத்தூர்ப் பக்கம் களச்சோதனை கண்டது. நம் ஊர்களில் இன்றும் நிற்கும் அடிபம்பு அதுதான். பம்போடு சேர்த்துத் தமிழ்நாட்டில் மூன்றடுக்குப் பராமரிப்பும் வந்தது: ஊரில் ஒரு பராமரிப்பாளர், ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக், மாவட்டத்தில் ஒரு நடமாடும் குழு. ஊர்ப் பராமரிப்பாளர் மரை முறுக்குவார், சங்கிலிக்கு கிரீஸ் போடுவார், தன்னால் முடியாததற்கு அஞ்சலட்டை போடுவார்.

அதற்கடுத்து 1980களில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மார்க் 2 பம்பின் உள்ளே இருக்கும் வாஷரை மாற்றவே மொத்தக் குழாயையும் தூக்க வேண்டும். அதற்குக் குழுவும் வண்டியும் வேண்டும். கோவையில் பல ஆண்டுகள் சோதித்து, மேல்குழாயைக் கழற்றாமலே பிஸ்டனை வெளியே எடுக்கும்படி ‘மார்க் 3’ வடிவத்தை உருவாக்கினார்கள். சைக்கிளில் வரும் ஒரு மெக்கானிக் சில கருவிகளோடு முடித்துவிடலாம். எந்திரத்துக்கு ஏற்ப மனிதரைப் பழக்குவதோடு நிற்காமல், கிடைக்கும் மனிதருக்கு ஏற்ப எந்திரத்தையும் மாற்றினார்கள். குடிநீர் வாரியத்திலேயே 2000களின் முற்பகுதியில் ‘கூடம்’ என்ற முறையில் பொறியாளர்கள் பதவி வேறுபாடு பாராமல் ஊர் மக்களோடு வட்டமாக உட்கார்ந்து பேசினார்கள். புதிய திட்டம் கேட்பதற்கு முன் இருக்கிற திட்டத்தைச் சீர்செய்வது என்பது அந்தப் பேச்சுகளிலிருந்து வந்த முக்கியமான மாற்றம்.

ஆசிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு நிகழ்வு உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில் உண்டு. 1990களின் தொடக்கத்தில் அங்கே மகிளா சமாக்யா திட்டத்தில், எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்கள் கைப்பம்பு மெக்கானிக்குகளாகப் பயிற்சி பெற்றார்கள். எந்தப் பம்பில் என்ன வேலை செய்தோம் என்று குறித்துவைக்க வேண்டிய தேவை வந்தபோது, ‘எங்களுக்கு எழுத்தும் சொல்லிக்கொடுங்கள்’ என்று அவர்களே கேட்டார்கள். முதலில் வேலை, அதற்குப் பின்னால் எழுத்து. நம் வகுப்பறை வரிசைக்கு நேர் எதிர்.

இனி நாங்கள் செய்தது.

சனவரியில் பொங்கல் விடுமுறை முடிந்ததும் ஆபரேட்டரை வகுப்புக்கு அழைத்தேன். “நான் இன்னா டீச்சர் சொல்றது, அஞ்சாவதோட நின்னவன்” என்று தயங்கினார். “பாடம் வேணாம் அண்ணா, பசங்க கேள்வி கேப்பாங்க, தெரிஞ்சதச் சொல்லுங்க” என்றேன். பிள்ளைகளுக்கு முன்பே ஐந்து கேள்விகளைக் கொடுத்திருந்தேன். சிறு குடிநீர் அமைப்புகள் தம் சொத்துகளை நிர்வகிக்க அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஐந்து அடிப்படைக் கேள்விகளை வைத்திருக்கிறது. அதை நம் பேச்சில் மாற்றிக்கொண்டோம். நம்மிடம் என்னென்ன இருக்கிறது, எது எந்த நிலையில் இருக்கிறது? மக்களுக்கு எவ்வளவு தண்ணீர், எப்படிப்பட்ட தண்ணீர் தர வேண்டும்? எது ஒன்று முறிந்தால் ஊரே தவிக்கும்? எதைப் பழுதுபார்ப்பது லாபம், எதை மாற்றுவது லாபம்? அதற்குப் பணம் எங்கிருந்து வரும்?

மூன்றாவது கேள்வியில் வகுப்பு சூடுபிடித்தது. மோட்டார் என்றார்கள், தொட்டி என்றார்கள், கரண்டு என்றாள் ஒருத்தி. அவர் சிரித்துக்கொண்டே, “மோட்டாரு போனா ரெண்டு நாள்ல வந்துடும். டேங்குக்குக் கீழ இருக்கிற மொத வால்வு போச்சுன்னா டேங்க்கைக் காலி பண்ணாம அதுல கைய வைக்க முடியாது” என்றார். எத்தனை வால்வு என்று கேட்டோம். பதினாலு என்றார். எங்கெங்கே என்று கேட்டபோது சொல்ல முடியவில்லை. “வாயால சொல்ல வராது டீச்சர். நடந்தா காலே போயி நிக்கும்.”

ஆகவே நடந்தோம். ஒரு சனிக்கிழமை காலை, பெற்றோர் ஒப்புதலோடு, இன்னொரு ஆசிரியரும் துணைக்கு வர, அளவுநாடாவும் குறிப்பேடுமாகப் பதினெட்டுப் பேர். ஒவ்வொரு வால்வுக்கும் ஓர் அட்டை. அதில் இடம், எந்தத் தெருவுக்குப் போகிறது, எத்தனை சுற்றில் முழுதாகத் திறக்கும், எந்தப் பக்கம் திருப்பினால் திறக்கும், கடைசியாக எப்போது திறந்து மூடியது, கசிவு உண்டா என்று எழுதினோம். சுற்று எண்ணிக்கை அற்பமாகத் தெரியலாம். பதினான்கு சுற்று திறக்க வேண்டிய வால்வு ஒன்பதோடு நின்றால் உள்ளே துருவோ கல்லோ பிடித்திருக்கிறது என்று பொருள். கடைசி வீட்டுக்குத் தண்ணீர் நூலாக வருவதற்குப் பழைய இரும்புக் குழாயின் உட்பக்கம் துரு முடிச்சுகள் கட்டி விட்டம் சுருங்குவது ஒரு காரணம், நீண்ட தூரம் ஓடும்போது ஏற்படும் உராய்வு இன்னொரு காரணம், இப்படி அரைகுறையாகத் திறந்திருக்கும் வால்வு மூன்றாவது காரணம். கடைமடை என்ற சொல்லை சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. குழாய்க்கும் கடைமடை உண்டு, அங்கே யார் வீடு இருக்கிறது என்பதையும் பிள்ளைகள் தாங்களாகவே கவனித்தார்கள்.

வால்வின் இடத்தைக் குறிப்பதில் கணித ஆசிரியர் எங்களுக்கு நல்ல வேலை வைத்தார். ‘கோயிலுக்குப் பக்கத்தில்’ என்று எழுதினால் நாளை கோயில் மதில் பெரிதாகிவிடும், சாலையும் உயர்ந்துவிடும். எனவே இரண்டு நிலையான பொருள்களிலிருந்து தூரம் அளந்தோம்: கோயில் மதில் மூலையிலிருந்து 4.2 மீட்டர், மின்கம்பத்திலிருந்து 6.8 மீட்டர் என்பது போல. வகுப்பில் கவராயத்தால் அளவுப்படி இரண்டு வட்டங்கள் வரைந்தபோது அவை ஓரிடத்தில் வெட்டாமல் இரண்டு இடங்களில் வெட்டின. “எது உண்மையான வால்வு?” சிறிது நேர அமைதிக்குப் பிறகு, “மூணாவதா ஒன்னுலருந்து அளக்கணும் டீச்சர்” என்றது பின்வரிசை. மறுவாரம் எல்லா அட்டைக்கும் மூன்றாவது அளவு எடுத்து வந்தார்கள். வட்டம் பற்றிய பாடத்தில் இதைவிட நல்ல பயிற்சிக் கணக்கு எனக்குத் தெரியவில்லை.

பதினான்கில் பன்னிரண்டு கண்ணில் பட்டன. இரண்டு, சிமெண்ட் சாலைக்கு அடியில்.

அளவுக் கணக்குகளுக்கும் பஞ்சமில்லை. தொட்டியின் உள் ஆரம் 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் பரப்பு ஏறத்தாழ 12.57 சதுர மீட்டர். நீர்மட்டம் 1 செ.மீ. இறங்கினால் 126 லிட்டர் போயிருக்கிறது. உருளையின் கனஅளவு பத்தாம் வகுப்பில்தான் வருகிறது, ஆனாலும் வட்டப் பரப்பை உயரத்தால் பெருக்க ஒன்பதாம் வகுப்புக்குக் கடினமில்லை. இரவில் எல்லாத் தெருவும் அடங்கிய பிறகு ஆபரேட்டர் ஒரு தெரு வால்வை மட்டும் திறந்துவைத்து, தொட்டியின் வெளிப்புற மட்டக்குறியை அரைமணிக்கு ஒருமுறை பார்த்துச் சொன்னார். யாரும் பிடிக்காத நேரத்தில் மட்டம் இறங்கினால் அந்தத் தெருவில் கசிவு. தெருத்தெருவாக நான்கு இரவுகளில் முடிந்தது. எங்கே கசிகிறது என்பதற்கு அவர் வைத்திருக்கும் முறை இன்னும் எளிது: இரும்புக் கம்பியின் ஒரு முனையை வால்வின் மேலும் மறுமுனையைக் காதோரமும் வைத்துக் கேட்பார். திடப்பொருளில் ஒலி வேகமாகவும் தெளிவாகவும் பரவும் என்று ‘ஒலி’ பாடத்தில் சொல்வதைப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகக் காதில் கேட்டார்கள்.

ஒரு வால்வின் கழுத்தில் வழிந்ததை ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்தோம். நிரம்ப 40 நொடி. மணிக்கு 90 லிட்டர். காலையும் மாலையும் சேர்த்து நான்கு மணி நேரம் தண்ணீர் விடுவதால் நாளுக்கு 360 லிட்டர். ஜல் ஜீவன் கணக்கில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். அப்படியானால் அந்த வால்வு தினமும் ஆறரைப் பேரின் தண்ணீரைக் குடிக்கிறது. ‘ஆறரைப் பேர்’ என்பது வகுப்பில் அந்த வால்வுக்குப் பட்டப்பெயராகவே நின்றுவிட்டது.

பிளீச்சிங் பவுடர் கணக்கையும் செய்து பார்க்கலாம். புதிய பவுடரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குளோரின் கிடைக்கும். 30,000 லிட்டருக்கு, லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் வேண்டுமென்றால் 60 கிராம் குளோரின், அதாவது சுமார் 180 கிராம் பவுடர். அதே பவுடர் திறந்த மூட்டையில் ஈரக்காற்றில் கிடந்து வலு 20 சதவீதமாகக் குறைந்திருந்தால் 300 கிராம் வேண்டும். ஒரே டப்பாவால் ஆண்டு முழுதும் அளந்தால் மழைக்காலத்தில் போதாமல் போவது இதனால்தான். போட்டது போதுமா என்பதைத் தொட்டியடியில் பார்த்துப் பயனில்லை. கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். சோதித்தது ஆபரேட்டர், பிள்ளைகள் நிறத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் அவர்கள் வேலை.

இந்தச் செயல்திட்டத்தின் மையம் என்று நான் கருதும் சோதனைக்கு வருகிறேன். செலவு ஐம்பது ரூபாய்க்குள் முடியும். மருந்துக்கடையில் பிரிக்காத புதிய சலைன் டியூப் ஒன்று வாங்குங்கள். மேசைமேல் உயரத்தில் தண்ணீர் பாட்டில், அதிலிருந்து இறங்கும் டியூபின் நடுப்பகுதி நீலமை கலந்த தண்ணீர்க் கிண்ணத்துக்குள் மூழ்கி, மறுமுனை கிண்ணத்தைவிடத் தாழ்வாக ஒரு வாளியில் முடிய வேண்டும். மூழ்கிய பகுதியில் தடித்த ஊசியால் ஒரு துளை. பாட்டிலுக்கும் கிண்ணத்துக்கும் இடையில் ஒரு கிளிப், கீழ்முனையில் ஒரு கிளிப். முதலில் மேல்கிளிப்பை முழுதும் திறந்து, கீழ்க்கிளிப்பைப் பாதி திறந்துவையுங்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால் துளை வழியாக நல்ல தண்ணீர் வெளியே போகும். வாளியில் நிறமற்ற நீர் விழும். இது தண்ணீர் விடும் நேரம். இப்போது மேல்கிளிப்பை மூடி, கீழ்க்கிளிப்பை முழுதும் திறங்கள். டியூபில் இருக்கும் தண்ணீர் தாழ்வான பக்கம் இறங்கும்போது பின்னால் உறிஞ்சல் உண்டாகி, துளை வழியாக நீலம் உள்ளே வரும். இது வால்வை மூடியபின், பள்ளத்தில் இருக்கும் வீட்டில் குழாய் திறந்திருக்கும் நேரம்.

நீலம் டியூபுக்குள் கோடாக இறங்கியதைப் பார்த்ததும் வகுப்பு கப்சிப் என்றானது. அப்போது ஒரு மாணவி கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை: “எங்க தெருவுல குழாய் சாக்கடைக்குள்ளதான் போவுது டீச்சர். அப்ப தினம் ரெண்டு வேளையும் இப்படி நடக்குதா?”

அதற்கு விடை தேடி வீடுவீடாகப் போனார்கள். மூன்று தெருக்களின் வரைபடத்தில், தண்ணீரில் குறை இல்லாத வீட்டுக்குப் பச்சை, முதலில் வரும் தண்ணீர் கலங்கல் என்றால் மஞ்சள், வாடை என்றால் சிவப்பு. 1854இல் லண்டனில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறப்பு நேர்ந்த வீடுகளை வரைபடத்தில் குறித்து, பிராட் தெருப் பம்பைச் சுட்டிக்காட்டியதை முன்பே சொல்லியிருந்தேன். எங்கள் வரைபடத்தில் சிவப்பு வீடுகள் அனைத்தும், ஏ.சி. குழாய் சாக்கடையைக் குறுக்காகக் கடக்கும் ஓரிடத்துக்கு அப்பால் இருந்தன. வரைபடத்தை ஆபரேட்டரிடம் காட்டினோம். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “அந்த ஜாயிண்ட்ட நான் போட்டு பதினெட்டு வருசமாவுது” என்றார். அதன்பின் அவரே வரைபடத்தில் இன்னும் மூன்று இடங்களில் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டுக் கொடுத்தார்: இப்போது கசியாது, ஆனால் அடுத்து போகப்போவது இவைதான் என்று.

இந்தப் பென்சில் கோடுகள்தான் ‘முதிர்ந்த கட்டமைப்பை நிர்வகித்தல்’ என்று கையேடுகளில் சொல்லப்படுவது. உடைந்த பிறகு ஓடுவதற்கும், உடையப்போவதை முன்கூட்டி அறிவதற்கும் நடுவில் ஒரு பதிவேடுதான் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் அவருக்காக 80 பக்க நோட்டில் கட்டம் போட்டுக் கொடுத்தார்கள்: தேதி, மோட்டார் போட்ட நேரம், தொட்டி நிரம்பிய நேரம், ஆம்பியர் முள் நின்ற எண், வோல்ட், குளோரின் நிறம். அவருக்கு இரண்டு நிமிட வேலை. இரண்டு மணியில் நிரம்பிய தொட்டிக்கு இரண்டே முக்கால் மணி ஆகத் தொடங்கினால், நிலத்தடி நீர் இறங்கியிருக்கலாம், பம்பின் உள்சக்கரம் தேய்ந்திருக்கலாம், ஏற்றுகுழாயில் கசிவு இருக்கலாம். வோல்ட் குறைந்து ஆம்பியர் ஏறினால் காயில் சூடாகிறது. இதையெல்லாம் அவர் சத்தத்திலேயே கண்டுபிடிப்பார். பதிலுக்கு வரும் இளைஞருக்கு அந்தச் செவி வாய்க்க இருபது ஆண்டு ஆகும், நோட்டுப் புத்தகம் இருந்தால் இருபது நாள் போதும்.

மற்றப் பாட ஆசிரியர்களுக்கும் இதில் இடமுண்டு. சமூக அறிவியலில் உள்ளாட்சி அமைப்புகள் பாடத்தோடு சேர்த்து, அரசியலமைப்பின் பதினோராம் அட்டவணையில் ஊராட்சிகளுக்கும் பன்னிரண்டாம் அட்டவணையில் பேரூராட்சி, நகராட்சிகளுக்கும் குடிநீர் எப்படிப் பொறுப்பாகிறது என்று காட்டலாம். உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பிள்ளைகள் குடவோலை முறைக்காகப் படிக்கிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று நீர்நிலைக்கென்றே ஒரு குழு இருந்ததும், முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது என்ற விதி இருந்ததும் தேர்வுக்கு வராததால் விட்டுப்போகின்றன. அந்தச் சபையில் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதே பராந்தகன் காலத்தில் வெட்டிய வீராணம் ஏரி 2004 முதல் சென்னைக்கும் குடிநீர் தருகிறது. தமிழாசிரியர் விண்ணப்பம் எழுதும் பயிற்சியை இதிலிருந்து எடுத்துக்கொண்டார். நான் வளரறி மதிப்பீட்டில் செயல்பாட்டு மதிப்பெண்ணை அட்டைகளுக்கும் வரைபடத்துக்கும் வழங்கினேன்.

அந்த விண்ணப்பம் வரைபடத்தோடு மார்ச் மாதம் உலக தண்ணீர் தினத்தை ஒட்டிய கிராம சபைக்குப் போனது. 2022 முதல் நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை. அவற்றில் ஒன்று தண்ணீருக்கென்றே வருவது நமக்கு வசதி. படித்தது பிள்ளைகள் அல்ல, ஆபரேட்டர்தான். அவர் கைப்பட எழுதியதில்லை என்றாலும் பென்சில் கோடுகள் அவருடையவை. சாக்கடையைக் கடக்கும் குழாய் மே மாதம் மாற்றப்பட்டு, சாக்கடைக்கு மேலாக எடுத்துச் செல்லப்பட்டது. ‘ஆறரைப் பேர்’ கசிவை அவரே அடைத்துவிட்டார். சாலைக்கு அடியில் கிடக்கும் இரண்டு வால்வுகள் அப்படியே கிடக்கின்றன. அதற்குச் சாலையை உடைக்க வேண்டும், அது வேறு கணக்கு, வேறு அனுமதி.

இதைச் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில எச்சரிக்கைகள். எந்தப் பிள்ளையும் மேல்நிலைத் தொட்டியில் ஏறக்கூடாது. பழைய தொட்டிகளின் ஏணியை நம்பவே கூடாது. வால்வுக் குழிக்குள் இறங்கக்கூடாது. மூடிக்கிடந்த குழியில் விஷவாயு இருக்கலாம். ஸ்டார்ட்டர் பெட்டி, பிளீச்சிங் பவுடர், சோதனை மருந்து மூன்றும் ஆபரேட்டரின் கையில் மட்டும். வால்வைத் திருப்புவதும் அவர்தான், அதுவும் மெதுவாக: ஓடும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் அதன் உந்தம் முழுதும் பழைய குழாயின் மேல் அடியாக விழும். உள்ளாட்சி அலுவலகத்தில் முன்பே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். குற்றம் கண்டுபிடிக்க வருகிறார்கள் என்ற எண்ணம் வந்துவிட்டால் கதவு மூடிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேல், ஆபரேட்டரை வகுப்புக்கு அழைக்கும் நாளில் அவருக்குச் சம்பளம் பிடிபடாத நேரமாகப் பார்த்து அழையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை இதற்கு உகந்ததல்ல, குழிகள் நிறைந்திருக்கும். தை பிறந்த பிறகு ஆறு வாரம் போதும். அட்டைகளை லேமினேட் செய்து ஒரு தொகுப்பை மோட்டார் கொட்டாயிலும், ஒன்றை உள்ளாட்சி அலுவலகத்திலும், ஒன்றைப் பள்ளி ஆய்வகத்திலும் வைத்தோம். டிசம்பரில் தண்டை முறித்த இளைஞர் இப்போது சனிக்கிழமைகளில் பெரியவரோடு வருகிறார். அட்டையைப் பார்த்து வால்வைக் கண்டுபிடித்து, சுற்று எண்ணித் திறந்து மூடி, அட்டையின் பின்பக்கம் தேதி போடுகிறார். பதினொன்று முடிந்திருக்கிறது. பன்னிரண்டாவதற்குக் கழுத்துக் கயிறு மாற்ற வேண்டியிருக்கிறது, கடலூரிலிருந்து வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.